ஊறவைத்த பாக்கு

நல்லேப்பிள்ளியில் சௌதாவின் வாயைப் பார்க்காத பெண்கள் குறைவு.

முஸ்தபாவின் நாட்டுமருந்துக் கடையில் பல்பொடி கேட்டால் அவர் உடனே டப்பாவை எடுத்துத் தரமாட்டார். "மொதல்ல உள்ள போயிப் பாத்துட்டு வாங்க" என்பார். கடைக்குப் பின்னால் வீடு. நடுவில் ஒரு பச்சைத் திரை. பெண்கள் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவார்கள். சௌதா கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு வருவாள். முக்காட்டைச் சற்று விலக்கி வாயைத் திறப்பாள். ஈறு வெளிறிய ரோஜா நிறத்தில் கெட்டியாக இருக்கும். ஆள்காட்டி விரலால் அழுத்திக் காட்டுவாள். ரத்தம் வராது. பிறகு ஜன்னல் விளிம்பில் இருக்கும் எவர்சில்வர் கிண்ணத்திலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பாள். பாக்கு இரண்டாகும். ஒரு பாதியை வந்தவளிடம் கொடுப்பாள்.

"எருமப் பல்லாட்ட இருக்குதுங்கக்கா" என்று ஒருத்தி சொன்னாள். சௌதா அதைப் பல வருஷம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ஆண்களை உள்ளே அனுப்புவதில்லை. "உங்க ஊட்டம்மாவ அனுப்புங்க. பாத்துட்டு வந்து சொல்லட்டும்" என்பார் முஸ்தபா.

மஞ்சள் டப்பாவில் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும் சௌதா பல்பொடி என்று அச்சடித்திருந்தது. பெண்டாட்டி பேரை விற்கிறான் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள். முஸ்தபா கோபப்படவில்லை. அவள் வாயிலிருந்து வந்த மருந்துக்கு வேறு யார் பேரை வைப்பது என்று கேட்டார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை.

*

சௌதா மலைக்காரி. வண்டிப்பெரியார் பஸ் நிலையத்தை ஒட்டி அவளைப் பெற்ற அத்தாவுக்கு வெற்றிலைபாக்குக் கடை இருந்தது. எஸ்டேட் பெண்கள் கொழுந்து எடுத்துவிட்டு வரும் நேரம் கடையில் கூட்டமாக இருக்கும். பாக்குவெட்டி ஒன்றுதான். அது அத்தாவின் கையில் இருக்கும்போது சௌதா பாக்கைப் பல்லால் உடைத்துக் கொடுப்பாள். எச்சில் பாக்கு என்று யாரும் முகம் சுளித்ததில்லை. அந்தப் பெண் உடைத்ததுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்களும் உண்டு.

முஸ்தபா கிராம்பு வாங்க உடும்பஞ்சோலைக்குப் போய்வருகிறவர். அந்தப் பழக்கத்தில் வந்த சம்பந்தம். பெண் பார்க்க அவருடைய அம்மாவும் வந்திருந்தாள். பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில் தெருவில் யாரோ எதிலோ வழுக்கி விழுந்தார்கள். சௌதா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மலையிறங்கும் பஸ்ஸில் முஸ்தபாவின் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். குமுளி தாண்டியதும் சொன்னாள். "பொண்ணு வாயாடியாட்ட இருக்குது. இருந்துட்டுப் போகட்டும். பல்லு நல்லாருக்குது."

மகள் அன்சிலா பிறந்த பிறகுதான் ஈறில் ரத்தம் வரத் தொடங்கியது. காலையில் எழுந்தால் தலையணை உறையில் கறை. கொய்யாப்பழம் கடித்தால் பழத்தில் சிவப்பு. சித்தூரில் ஒரு டாக்டர் பல்லைச் சுத்தம் செய்யவேண்டும் என்றார். சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். பக்கத்து வீட்டிலும் சொன்னார்கள். முஸ்தபாவும் அதை நம்பினார். கடை முழுக்க மருந்தை வைத்துக்கொண்டு இன்னொருவரிடம் எதற்குப் போகவேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது.

அவர் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம் வாங்கி வந்தார். கடையை அடைத்துவிட்டு வந்ததும் ஏதாவது ஒரு பொடியைக் குழைத்துச் சௌதாவின் ஈறில் தடவுவார். சற்று நேரம் கழித்து அவள் வாய் கொப்பளித்துக் கிண்ணத்தில் துப்புவாள். அவர் கிண்ணத்தை விளக்கருகே பிடித்து நிறத்தைப் பார்ப்பார். வேலம்பட்டையைப் பார்த்தார். கடுக்காயைப் பார்த்தார். படிகாரத்தில் அவளுக்கு வாய் வெந்தது. மாசிக்காய்க்கு நிறம் கொஞ்சம் வெளுத்தது. எதையும் முதலில் தன் ஈறில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்குத் தடவினார்.

"நான் என்ன உங்க கடை எலியா" என்றாள் சௌதா.

"எலி இத்தன பேசாது."

மாசிக்காயோடு கிராம்பும் இந்துப்பும் வேலம்பட்டையும் சேர்ந்த ஒரு கூட்டில் கிண்ணத்துத் தண்ணீர் தெளிந்து நின்றது. முஸ்தபா அதை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். தொட்டிலில் கிடந்த குழந்தைக்கும் காட்டினார். மறுநாள் பாலக்காட்டிலிருந்து அல்வா வாங்கி வந்தார்.

நல்ல காலம் எது என்று கேட்டால் சௌதா அந்த மாதங்களைத்தான் சொல்வாள். கடையை அடைத்துவிட்டு நேரே அவளிடம் வருவார். அவள் முகத்தை நிமிர்த்திப் பிடிப்பார். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நேரம் அவளை யாரும் உற்றுப் பார்த்ததில்லை.

அப்புறம் அது விற்பனைக்கு வந்தது. வழக்கமும் ஆயிற்று. ஒவ்வொரு முறை பொடி இடித்துச் சலித்ததும் முதல் சிட்டிகை சௌதாவின் உள்ளங்கைக்கு. அவள் தேய்த்துத் துப்பிக் காட்டிய பிறகே டப்பாவில் அடைப்பார்.

*

அன்சிலா பல் மருத்துவம் படித்தாள். மேற்படிப்புக்கு எல்லை தாண்டிக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. ஈறு நோயும் அதனால் தாடை எலும்பு தேய்வதும்தான் அவள் எடுத்துக்கொண்ட பிரிவு. ஆய்வுக்கு எதைச் சோதிப்பது என்று பேராசிரியர் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. அத்தாவின் பொடி என்றாள்.

முஸ்தபா பொடியை மூட்டையாகக் கட்டித் தானே கொண்டுவந்து கொடுத்தார். கல்லூரி வராந்தாவில் அவள் அவருக்கு விளக்கினாள். நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரிப்பார்கள். எல்லோருக்கும் பல்லைச் சுத்தம் செய்வார்கள். ஒரு பிரிவுக்கு இந்தப் பொடி, இன்னொன்றுக்குச் சாதாரணப் பொடி. யாருக்கு எது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, அளந்து பார்க்கும் அவளுக்கும் தெரியாது.

"உனக்கே தெரியாதா? அப்பறம் என்ன கண்ணு படிப்பு அது?"

"தெரிஞ்சா நம்ம பொடிக்கு மார்க்கு கூடப் போட்டுருவேன் அத்தா."

"போட்டாத்தான் என்ன? பெத்தவனுக்குப் போட்ட மார்க்கு."

திரும்பிப் போகும்போது காவலாளிக்கு ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போனார்.

முடிவு வந்தது. பொடி தேய்த்தவர்களுக்கு ரத்தக் கசிவு வெகுவாகக் குறைந்திருந்தது. பேராசிரியர் அந்தப் பக்கத்தைப் பார்த்து மகிழ்ந்தார். அன்சிலா அடுத்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான பள்ளத்தை மெல்லிய கம்பியால் அளந்த கணக்கு அதில் இருந்தது. அதில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பிலும் வித்தியாசம் இல்லை. பொடி ஈறின் மேற்பரப்பை இறுக்கியிருந்தது. அடியில் நடப்பதை அது தொடவில்லை.

சில மாதச் சோதனையில் எலும்பு எப்படித் தெரியும், வருஷக்கணக்கில் பொடி தேய்த்த ஒருவரைப் பார்த்தால் தெரியும் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். அப்படி ஒருவர் அவள் வீட்டிலேயே இருந்தார். படிக்கிற காலத்தில் ஒருமுறை அம்மாவின் வாயை டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறாள். ஈறு கெட்டியாக இருந்தது. ரத்தம் இல்லை. பல் கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது. வயதானால் அப்படித்தான் என்று நினைத்தாள். கம்பி வைத்து அளக்கவில்லை. அம்மாவாயிற்றே என்று விட்டுவிட்டாள். வகுப்பில் போய்ப் பெருமை பேசினாள்.

அம்மாவின் எக்ஸ்ரேயை ஆய்வின் கடைசியில் வைப்பது என்று முடிவு செய்துகொண்டு ஊருக்கு வந்தாள்.

"இப்ப வேண்டாம் புள்ள. வாய்ல புண்ணு" என்றாள் சௌதா.

அடுத்த முறை வந்தபோது நோன்பு வைத்திருந்தாள். அதற்கடுத்த முறை தலைவலி.

அன்றைக்கு அன்சிலா சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். திரையைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். சௌதா ஜன்னலுக்குப் போனாள், வாயைத் திறந்தாள், விரலால் அழுத்தினாள். அன்சிலா சும்மா கிண்ணத்திலிருந்து ஒரு பாக்கை எடுத்தாள். அவள் நகம் பாக்கில் இறங்கியது.

எடுத்து முகர்ந்து பார்த்தாள். அரிசிப்பானைக்குப் பின்னால் ஒரு மண்சட்டி மூடியிருந்தது. மூடியைத் தூக்கினாள். தண்ணீரில் பாக்குகள் ஊறிக்கொண்டிருந்தன. ஊறிய பாக்கை நிறம் மாறாமல் மேலாகத் துடைத்து நிழலில் உலர்த்திக் கிண்ணத்தில் வைக்கப் பாக்குக்கடையில் வளர்ந்த சௌதாவுக்குத் தெரியும்.

ஜன்னலில் சௌதா ஒரு கையைத் தாடைக்கு அண்டைகொடுத்தபடி பாக்கைக் கடித்தாள். அது இரண்டாயிற்று. வந்தவள் பாதியை வாங்கிக்கொண்டு இரண்டு டப்பா கேட்கக் கடைக்குப் போனாள்.

"எப்பலேர்ந்தும்மா?"

"எது?"

அன்சிலா சட்டியைக் காட்டினாள்.

சௌதா அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "உனக்குப் பன்னெண்டாங் கிளாஸ் பரீட்ச நடந்துச்சே, அப்ப."

"வாயத் தெற."

"வேண்டாம் அன்சி."

"தெறம்மா."

கீழ்வரிசை முன்பல்லை அன்சிலா இரண்டு விரலால் பிடித்தாள். அழுத்தவில்லை. அது நட்ட மறுநாள் நாற்றைப் போல ஆடியது. பக்கத்துப் பல்லும் ஆடியது. அதற்கடுத்ததும்.

ஒவ்வொரு பெருநாளிலும் தன் தட்டில் இருக்கும் கறித்துண்டுகளை அம்மா அவள் தட்டுக்கு மாற்றிவைத்தது அப்போது ஞாபகம் வந்தது. நீ தின்னு, எனக்கு வேண்டாம் என்பாள். அன்சிலா அதை அன்பு என்றே எடுத்துக்கொண்டு தின்றிருந்தாள்.

*

கோயம்புத்தூரில் துணி எடுக்கவேண்டும் என்று முஸ்தபாவிடம் சொல்லிவிட்டு இருவரும் போனார்கள்.

எக்ஸ்ரே கணினித் திரையில் வந்தது. வேர்கள் நீளமாக, வெறுமையாகத் தெரிந்தன. எலும்பு வேர்நுனி வரை இறங்கியிருந்தது. கீழ்த்தாடையில் பற்கள் ஈறைப் பற்றிக்கொண்டுதான் நின்றன.

பேராசிரியர் பார்த்தார். "யார் கேஸ் இது?"

"எங்கம்மா மேடம்."

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "ரத்தம் வந்திருந்தா எப்பவோ வந்து காட்டியிருப்பாங்க" என்றார்.

பஸ்ஸில் சௌதாவுக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. வேலந்தாவளம் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையாக நின்றன. பஸ் நகரவில்லை.

"அத்தாகிட்ட சொல்லாத" என்றாள்.

"சொல்லாம எப்படிம்மா? கீழ எல்லாப் பல்லும் எடுக்கணும். மேல ரெண்டு மூணு நின்னாலே பெரிசு."

"விழுந்துட்டேன்னு சொல்லிக்கலாம். உன் ஹாஸ்டல் குளிமுறில வழுக்கி."

"அத்தன பல்லும் போற மாதிரியா ஒருத்தர் விழுவாங்க?"

"மலைக்காரி. விழுந்தா அப்படித்தான் விழுவேன்."

அன்சிலா சிரிக்கவில்லை. "பல்லு ஆட ஆரம்பிச்சப்பவே சொல்லியிருந்தா பாதியக் காப்பாத்தியிருக்கலாம்மா."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ போன்ல யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தியே. ஆட ஆரம்பிச்சதும் வந்தா நிறுத்திரலாம், எலும்பு போயிட்டா திரும்ப வராதுன்னு. நான் துணி மடிச்சுட்டிருந்தேன்."

"கேட்டுட்டுமா சும்மா இருந்த?"

சௌதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அவரு அத ஊருக்குன்னு செய்யல புள்ள. எனக்குன்னு செஞ்சாரு. ஊரு அப்பறம் வாங்கிச்சு." சற்றுப் பொறுத்துச் சொன்னாள். "கிண்ணத்தத் தூக்கிட்டு வாசலுக்கு ஓடுனாரு. நீ பாக்கல. தொட்டில்ல கெடந்த."

பஸ் கிளம்பியது. பல்லை எடுக்கக் கல்லூரிக்குத் திரும்ப வருவதாகச் சௌதா சம்மதித்தாள். பொய்க்கு அன்சிலா சம்மதித்தாள். பல்லை எடுக்கவேண்டியது முதலில், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று அவள் நினைத்தாள்.

*

சௌதா மகளோடு தங்கப் போனாள், குளியலறையில் விழுந்தாள், பல் போய்விட்டது. முஸ்தபா இதை நம்பினார். போனில் அழுதார். ஆட்டுக்கால் சூப்பைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்து ஹாஸ்டல் வாசலில் நின்று, தரையில் டைல்ஸ் போட்டவனைத் திட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது சௌதாவின் கன்னங்கள் உள்வாங்கியிருந்தன. முக்காட்டு நுனியை வாய்மேல் பிடித்துக்கொண்டே இருந்தாள். தையல் போட்ட இடங்களில் இன்னும் கசிந்தது.

மறுநாள் அன்சிலா எழுந்து வந்தபோது அத்தா பரண்மேல் இருந்து எதையோ இறக்கிக்கொண்டிருந்தார். பழைய செய்தித்தாளில் சுற்றிய வெள்ளைப் பீங்கான் கிண்ணம். அவர் அதைக் கழுவினார். மாசிக்காய்ப் பொடியைத் தனியாகக் குழைத்தார். முதலில் தன் ஈறில் தடவிப் பார்த்தார். பிறகு சௌதாவின் முன்னால் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"வாயத் தெற. மெதுவாத் தெற."

அவள் மகளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அவர் தையலில் படாமல் சுண்டுவிரலால் தடவினார். கொஞ்ச நேரம் கழித்து அவள் கொப்பளித்துத் துப்பினாள். கிண்ணத்துத் தண்ணீர் சிவந்திருந்தது.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கொழப்பமில்ல சௌதா. நிறுத்திப்புடலாம். அப்ப நிறுத்துனமில்ல. வேலம்பட்ட சேத்தாப் போதும்."

சௌதா தலையாட்டினாள்.

அன்சிலாவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "அத்தா. நிறுத்தாதீங்க."

"ஏன் கண்ணு?"

"அம்மா விழல."

"அன்சி" என்றாள் சௌதா. பல் இல்லாமல் அந்தப் பெயர் காற்றாகத்தான் வந்தது.

அன்சிலா எல்லாவற்றையும் சொன்னாள். போனில் எக்ஸ்ரேயைக் காட்டினாள். அவருக்கு அது விளங்கவில்லை. இது பல், இது எலும்பு இருக்கவேண்டிய இடம், இது இப்போது எலும்பு இருக்கிற இடம் என்று விரல் வைத்துக் காட்டினாள். ஊறவைத்த பாக்கைப் பற்றியும் சொன்னாள்.

முஸ்தபா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"எம் பொடி கெட்டதா கண்ணு?"

"இல்ல அத்தா. ரத்தத்த நிறுத்தும்னீங்க. நிறுத்துச்சு. அது நின்னதாலதான் நமக்கு ஒண்ணும் தெரியாமப் போச்சு."

அவர் சௌதாவிடம் திரும்பினார். அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். "எப்பவும் வாய்ல கிராம்பு போட்டிருப்பியே. பக்கத்துல வந்தாலே வாசமா இருக்கும்."

"ம்."

"பிடிக்கும்னு நெனச்சேன்."

"வலிக்குங்க" என்றாள் சௌதா.

அவர் எழுந்துபோய்க் கிண்ணத்தைக் கழுவினார். தண்ணீர் வெகுநேரம் விழுந்துகொண்டிருந்தது.

*

மஞ்சள் டப்பாக்கள் எல்லாம் அலமாரியிலிருந்து மூட்டைக்குப் போயின. முஸ்தபா யாரிடமும் இடிக்கக் கொடுக்கவில்லை, தானும் இடிக்கவில்லை. டப்பா வாங்கியவர்களை வழியில் பார்த்தால் நிறுத்தி, ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள் என்றார். சிலர் சரி என்றார்கள். சிலர் அவர் போன பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகளுடைய ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது.

வீட்டில் அவர் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். சௌதா எதிரில் வந்தால் சுவரைப் பார்த்துப் பேசினார். தோசை வேண்டுமா என்றால் வேண்டும் என்றார். மருந்து குடித்தாயா என்று கேட்டார். முகத்தை மட்டும் நிமிர்த்திப் பார்க்கவில்லை.

காயம் ஆறியதும் அன்சிலா பல்செட் செய்து கொண்டுவந்தாள். மேல்செட் நின்றது. கீழ்செட் நிற்கவில்லை. உட்கார எலும்புமேடு இல்லை. பேசினால் எழும்பியது, சாப்பிட்டால் வழுக்கியது. சௌதா இரண்டையும் கழற்றிக் கழுவி, பாக்கு இருந்த எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு வைத்தாள். சோற்றையும் குழம்பையும் மிக்ஸியில் போட்டு அரைத்துக் குடித்தாள். மீன் வைத்த நாளில் முள்ளெடுத்து அதையும் சேர்த்து அரைத்தாள். நிறம் நன்றாக இருக்காது. தம்ளரில் ஊற்றி யாரும் பார்க்காதபோது குடித்தாள்.

ஆய்வேட்டின் கடைசியில் அந்த எக்ஸ்ரேயை வைக்கலாமா என்று அன்சிலா கேட்டாள்.

"மூஞ்சி தெரியுமா?"

"வாய் மட்டுந்தாம்மா. பேரு போடமாட்டாங்க."

"வெச்சுக்க. ஊரே பாத்த வாய்தான."

அடுத்த வாரம் பொங்கியண்ணன் கடைக்கு வந்தார். கால்வாய்க்கு அந்தப் பக்கம் நெல் வயல் வைத்திருப்பவர். அவருடைய மனைவி பல வருஷமாகச் சௌதா பல்பொடி தேய்க்கிறவள். மாசிக்காய் விலை ஏறியிருந்த காலத்திலும் அவர்களுக்கு முஸ்தபா பொடியைக் குறைத்ததில்லை.

"ஏனுங்க ராவுத்தரே, டப்பாவெல்லாம் எங்கீங்க?"

"விக்கறதில்லீங்க இப்ப."

"அது சரி. புள்ள டாக்டராயிருச்சு. இனி பேஸ்ட்டுதான் விப்பீங்களாட்ட."

"பேஸ்ட்டும் இல்லீங்க. உங்க ஊட்டம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"எதுக்குங்க? அவளுக்கு வேண்டியது பொடி. தீந்துபோச்சுன்னு வேற எதையோ தேச்சா, மறுக்கா ரத்தம் வருது. என்னையக் கடிக்க வர்றா. அந்தப் பல்லுலயே கடிக்க வர்றா."

"ரத்தம் வரட்டுமுங்க. வந்தாத்தான் நல்லது."

பொங்கியண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"பொடி ரத்தத்த நிறுத்துமுங்க. பல்ல நிறுத்தாது. அடில எலும்பு போயிருக்கும். தெரியாது."

"என்னங்க நீங்க. நீங்கதான சொன்னீங்க, உள்ள போயிப் பாத்துட்டு வரச் சொல்லுங்கன்னு. எம் பொண்டாட்டி வந்து பாத்தா. அக்கா பாக்கக் கடிச்சு ஒடச்சாங்கன்னு பாதிப் பாக்கக் கொண்டாந்து எங்கைல குடுத்தா. அது பொய்யா?"

பொய் என்று முஸ்தபா சொன்னால் சௌதாவைச் சொன்னதாகும்.

பொங்கியண்ணன் மேசைக்கடியில் மூட்டையைப் பார்த்துவிட்டார். குனிந்து வாயை அவிழ்த்து இரண்டு மஞ்சள் டப்பாக்களை எடுத்தார். "பழசா இருந்தாலும் கொழப்பமில்லீங்க." முஸ்தபா அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். "வேண்டாமுங்க. சொன்னாக் கேளுங்க." பொங்கியண்ணனுக்குக் கோபம் வந்தது. "கைய எடுங்க ராவுத்தரே" என்றார்.

பச்சைத் திரை விலகியது. சௌதா வெளியே வந்தாள்.

இத்தனை வருஷத்தில் அவள் கடைக்குள் வந்து நின்றதில்லை. எல்லோரும் அவளிடம்தான் போவார்கள், பெண்கள் மட்டும். அவள் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, தெரு வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து நின்றாள். முக்காட்டு நுனியை விலக்கினாள். வாயைத் திறந்தாள். பழக்கத்தில் ஆள்காட்டி விரல் கீழ் ஈறுக்குப் போய் அழுத்திக் காட்டியது. ஈறு கெட்டியாக, வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தது. அதில் ஒன்றும் இல்லை.

"பாக்கு இல்லீங்கண்ணா" என்றாள். சொற்கள் குழறி வந்தன. "இருந்தாக் கடிச்சுக் காட்டுவேன்."

பொங்கியண்ணன் தரையைப் பார்த்தார். டப்பாக்களை ஒவ்வொன்றாக மூட்டைக்குள் வைத்தார். "சித்தூர் ஆஸ்பத்திரில பல்லுக்கு எந்தக் கெழமைங்க பாக்கறாங்க?" என்று தரையிடம் கேட்டார்.

முஸ்தபாவின் காதில் அது அப்போது ஏறவில்லை. அவர் சௌதாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தைக் கழுவப் போன நாளுக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறார். அவளும் அவரைப் பார்த்தாள். மூடவில்லை. அவர் பார்த்து முடிக்கிறவரை திறந்தே வைத்திருந்தாள்.

பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கள், வியாழன் என்று முஸ்தபா சொன்னபோது பொங்கியண்ணன் தெருவில் இறங்கியிருந்தார்.

மூட்டையின் வாய் திறந்து கிடந்தது. அதைக் கட்டவேண்டும் என்று முஸ்தபா குனிந்தார், கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். திரைக்கு அந்தப் பக்கம் மிக்ஸி ஓடத் தொடங்கியது. மத்தியானச் சோறு அரைபடும் சத்தம் நிற்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.